படம் முடிந்தும் எழுந்திருக்காதவர்களுக்கு

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகும் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்கள் கூட்டத்துக்குத்தான் இந்த மடல். துடைப்பத்தோடு வருகிற அம்மா உங்கள் காலடிப் பாப்கார்னைக் கூட்டியபடியே ஒரு பார்வை பார்ப்பார். நீங்கள் அசைய மாட்டீர்கள். மார்வெல் படம் என்றால் பெயர்ப் பட்டியலுக்குப் பின்னால் இன்னொரு துண்டுக் காட்சி உண்டு. அதைப் பார்க்காமல் போனால் டிக்கெட் காசு பாதி வீண்.

என் தங்கை மகன் என்னையும் ஒருநாள் அப்படி உட்கார வைத்தான். “எங்க மாமா எழுந்திருக்கிறீங்க, இனிமேதான் இருக்கு” என்றான். அவன் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான், நான் திரையை. ‘ஸ்டான் லீ, ஜாக் கிர்பி’ என்று ஒரு வரி வந்தது, போனது. ஸ்டான் லீயை அவனுக்குத் தெரியும். படத்துக்குப் படம் ஓரிரு நொடி தலைகாட்டிச் சிரிக்க வைத்துவிட்டுப் போன கண்ணாடித் தாத்தா. “கிர்பி யாரு?” என்று கேட்டேன். “யாரோ ரைட்டரா இருக்கும்” என்றான்.

அவன் வாய்தவறிச் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நிரூபிக்கத்தான் கிர்பிக்கு வழியில்லாமல் போனது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க் என்பது வீட்டில் வைத்த பெயர். 1917 ஆகஸ்ட் 28 அன்று நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் பிறந்தார். ஆஸ்திரியாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம், அப்பாவுக்குத் துணி தைக்கும் ஆலையில் வேலை. ஒண்டுக் குடித்தனங்கள் நெருக்கியடித்த அந்த வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு பையன்கள் கூட்டம் சேர்த்து அடித்துக்கொள்வார்கள். அந்த அடிதடி கடைசிவரை அவர் கையை விட்டுப் போகவில்லை. அவர் வரைந்த குத்தை வாங்கியவன் கட்டத்தைக் கிழித்துக்கொண்டு நம் மடியில் வந்து விழுவான். ஓவியப் பள்ளியில் சேர்ந்து ஒரே வாரத்தில் வெளியே வந்த மனிதர், வரையக் கற்றுக்கொண்டது பெரும்பாலும் தானாகவே.

ஜோ சைமனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய கேப்டன் அமெரிக்காவின் முதல் இதழ் 1941 மார்ச் எனத் தேதியிட்டு வந்தது. அட்டையில் ஹிட்லரின் தாடையில் ஒரு குத்து. அமெரிக்கா அப்போது போரில் இறங்கவேயில்லை. பிறகு இறங்கியது, கிர்பியையும் படையில் எடுத்தது. 1944 ஆகஸ்டில் நார்மண்டியில் போய் இறங்கினார். இவன் காமிக்ஸ் வரைகிறவன் என்று தெரிந்த அதிகாரி, எல்லாருக்கும் முன்னால் போய் எதிரி இருக்கும் இடத்தை நோட்டம் பார்த்து வரைந்துகொண்டு வா என்று அனுப்பிவிட்டார். நன்றாக வரையத் தெரிந்ததற்குக் கிடைத்த பரிசு, முதல் ஆளாகச் சுடப்படும் வாய்ப்பு! குண்டு படவில்லை. பனியில் கால்கள் விறைத்து, வெட்டி எடுக்க வேண்டிவரும் என்ற அளவுக்குப் போய்த் திரும்பினார்.

நீங்கள் கைதட்டுகிற ஆட்களெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள். 1961இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர், 1962இல் ஹல்க், தோர், 1963இல் அவெஞ்சர்ஸ், எக்ஸ்-மென், 1966இல் சில்வர் சர்ஃபரும் பிளாக் பாந்தரும். “நான்தான் குரூட்” என்பதைத் தவிர வேறு பேசத் தெரியாத அந்த மரம்கூட 1960இல் ஓர் அரக்கனாக இவர் வரைந்த கதையில் வந்ததுதான். நியூயார்க்குக்குப் பக்கத்தில் லாங் ஐலண்டில் வீடு. அதன் நிலவறையில் ஒரு சின்ன அறை, ஒரு மேஜை. வீட்டார் அதைப் பாதாளச் சிறை என்றே கூப்பிட்டார்கள். ஒரு நாளைக்கு மூன்று பக்கம், நான்கு பக்கம் என்று அங்கிருந்துதான் அண்டவெளி முழுக்க வெளியே வந்தது.

இந்தக் கதைகளை எழுதியது யார்? இதழ்களில் ‘கதை: ஸ்டான் லீ, ஓவியம்: ஜாக் கிர்பி’ என்றுதான் போட்டார்கள். ஆனால் அங்கே வேலை நடந்த விதமே வேறு. நம் வார இதழ்களில் தொடர்கதையின் அத்தியாயம் முதலில் வரும், அதைப் படித்துவிட்டு ஓவியர் படம் போடுவார். மார்வெலில் தலைகீழ். லீ கதையின் முடிச்சைச் சொல்வார். சில சமயம் ஓரிரு பக்கக் குறிப்பு, சில சமயம் வாய்ப்பேச்சோடு சரி. கிர்பி வீட்டுக்குப் போய் இருபது பக்கத்துக்கும் காட்சி பிரித்து, யார் எங்கே வருகிறார், யார் அடி வாங்குகிறார் என்று முடிவு செய்து வரைந்து கொடுப்பார். வசனம் பிறகுதான். லீயின் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கிண்டலும் துள்ளலும் அவருடையவை, அவை இல்லாமல் அந்த இதழ்கள் இவ்வளவு பேரைப் பிடித்திருக்காது. ஆனால் கதை எழுதுவது என்றால் வசனம் எழுதுவது மட்டும்தானா?

சில்வர் சர்ஃபர் பிறந்த விதத்தை லீயே பல முறை சொல்லியிருக்கிறார். கோள்களை விழுங்கும் கலாக்டஸ் என்ற பூதத்தைப் பற்றிப் பேசி அனுப்பியிருக்கிறார். வரைந்து வந்த பக்கங்களில் பறக்கும் பலகை மேல் வெள்ளி உடம்போடு ஒருவன் நிற்கிறான். யார் இவன் என்றால், இவ்வளவு பெரியவன் வரும்போது முன்னால் கட்டியம் கூற ஒருவன் வேண்டாமா என்கிறார் கிர்பி. நம் ஊர்த் தெருக்கூத்தில் ராசா வருவதற்கு முன்னால் கட்டியங்காரன் வருவதில்லையா, அதே நியாயம்.

இப்போது தாளுக்கு வருகிறேன்.

கிர்பி வரைந்த ஒரிஜினல், நீங்கள் கையில் பிடிக்கும் புத்தகத்தைவிடப் பெரியது. 1967 வாக்கில் அளவைக் குறைக்கும்வரை ஓவியம் மட்டுமே பன்னிரண்டரை அங்குல அகலம், பதினெட்டரை அங்குல உயரம், அதைச் சுற்றி வெள்ளை ஓரம். பென்சிலில் இவர் போட்டதன் மேல் இன்னொருவர் மையால் வரைவார், பென்சிலை அழித்துவிடுவார். ஓரத்தை மட்டும் யாரும் மையால் தொடுவதில்லை. அந்த ஓரத்தில்தான் கிர்பி பென்சிலால் குறிப்பு எழுதினார். இந்தக் கட்டத்தில் இவன் மிரட்டுகிறான், இவள் நம்ப மறுக்கிறாள், இந்தக் கருவி இப்படி வேலை செய்கிறது, இதனால்தான் அவன் திரும்பி வருகிறான் என்று கட்டத்துக்குக் கட்டம். வசனம் எழுதப்போகிறவருக்குக் கதையைச் சொல்லிக்கொடுக்கும் குறிப்புகள். அச்சுக்குப் போகும்போது ஓரம் கேமராவில் வராது, வந்தாலும் வெட்டிவிடுவார்கள்.

ஆகவே புத்தகத்தை லட்சம் முறை புரட்டினாலும் அந்த எழுத்து கிடைக்காது. ‘கதை: ஸ்டான் லீ’ என்பது அச்சில் ஏறியது, கிர்பி சொன்ன கதை ஒரிஜினல் தாளின் ஓரத்தோடு நின்றது. தாள் போனால் சாட்சியும் போச்சு.

அச்சகத்தில் சில காலம் வேலை பார்த்தவன் நான். ஓவியங்கள் எப்படிக் காணாமல் போகின்றன என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நெகட்டிவ் எடுத்துப் பிளேட் போடும்வரை ஒரிஜினலுக்கு ராஜ மரியாதை. மேலே டிரேசிங் பேப்பர் ஒட்டி, அட்டைக்குள் வைத்து, கை படாமல் எடுத்து வருவோம். பிளேட் மெஷினில் ஏறிய மறுநிமிடம் அது வெறும் அட்டை. மழைக்காலத்தில் மை டப்பாவுக்கு அடியில் வைக்க உதவும். டீ டம்ளர் வைத்த வட்டத்தோடு கிடந்த ஓர் அட்டைப்படத்தை நானே பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டிருக்கிறேன். நல்ல ஓவியம். வரைந்தவர் கேட்டு வரவில்லை. கேட்டு வரலாம் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. அப்படியான அலட்சியத்தில் நானும் பங்காளி என்பதால் யாரையும் லேசில் திட்டமாட்டேன்.

நியூயார்க்கிலும் தொடக்கத்தில் கதை இப்படித்தான். நாற்பதுகளில் வரைந்தவற்றைப் பதிப்பகங்கள் குப்பையாகவே நினைத்துக் கழித்தன. அறுபதுகளின் தாள்கள் மார்வெலின் கிடங்குகளில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. வந்து போனவர்கள் சிலருக்கு ஞாபகார்த்தமாகப் போனவை உண்டு. பிற்பாடு, அவற்றுக்கு ஒரு விலை உண்டு என்று தெரிந்த கைகளில் திருட்டுப் போனவையும் உண்டு. எழுபதுகளின் நடுவில் புதிதாக வரைகிற ஓவியர்களுக்கு மார்வெல் தாள்களைத் திருப்பித் தரத் தொடங்கியது. பழையவை அப்படியே கிடந்தன.

1980களில் பழைய தாள்களையும் திருப்பித் தர முன்வந்தபோதுதான் அலட்சியம் வேறொன்றாக மாறியது. மற்ற ஓவியர்கள் கையெழுத்திட ஒரு பக்கப் படிவம். கிர்பிக்கு மட்டும் நான்கு பக்கம். இடையில் அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம் 1978இல் மாறியிருந்தது, பழைய படைப்பாளிகள் உரிமை கேட்டு வந்துவிடுவார்களோ என்ற பயம் நிறுவனத்துக்கு. அதிலும் முக்கால்வாசிக் கதாபாத்திரங்களில் கை வைத்த ஆள் என்றால்? அந்த நான்கு பக்கத்தின்படி தாள்களை அவர் விற்கக் கூடாது, பொதுக் காட்சிக்கு வைக்கக் கூடாது, படி எடுக்கக் கூடாது, நிறுவனம் கேட்டால் கொண்டுவந்து காட்ட வேண்டும், கதாபாத்திரங்கள் மேல் எந்தப் பாத்தியதையும் கோரக் கூடாது. அதாவது தன் ஓவியத்துக்குத் தானே சம்பளமில்லாத காவல்காரர்.

இவ்வளவுக்கும் கையெழுத்திட்டால் எத்தனை தாள் கிடைக்கும்? 88.

அவர் மார்வெலுக்கு வரைந்தவை 10,000 முதல் 13,000 பக்கங்கள் வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அடகுக் கடையில் ஒரு வளையலை வைத்தவனிடம் திருகாணியைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்பது போல. அதுவும் கிர்பி எதையும் அடகு வைக்கவில்லை. காப்புரிமை ஒரு பொருள், தாள் வேறொரு பொருள். கதாபாத்திரம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். வரைந்த தாளையே பிணையாகப் பிடித்துக்கொண்டு அந்த வழக்கை வாய்மூட வைக்கப் பார்த்ததுதான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத பகுதி.

அவருக்கு வயது 67 ஆகியிருந்தது. கையெழுத்திட மறுத்தார். 1986இல் ‘தி காமிக்ஸ் ஜர்னல்’ பத்திரிகை இதைப் பெரிதாகக் கையிலெடுத்தது. அமெரிக்காவில் பேர்பெற்ற ஓவியர்களும் எழுத்தாளர்களும் திரண்டு கையெழுத்திட்ட விண்ணப்பம் ஒன்று போனது. ஃபிராங்க் மில்லர், ஆலன் மூர் போன்ற அன்றைய இளம் நட்சத்திரங்கள் வெளிப்படையாகப் பேசினார்கள். கடைசியில் 1987இல் படிவம் சுருங்கியது, தாள்கள் வந்தன. ஏறக்குறைய 1,900 முதல் 2,100 பக்கங்கள். தாராளமாகக் கணக்குப் போட்டாலும் ஐந்தில் ஒரு பங்கு.

மிச்சம் எங்கே? கொஞ்சம் உங்கள் செல்பேசியிலேயே இருக்கிறது. ஏல நிறுவனங்களின் பட்டியலில் அவ்வப்போது ஒரு கிர்பி தாள் வரும். முக்கியமான இதழின் தாள் என்றால் லட்சக்கணக்கான டாலருக்குப் போகிறது. திருப்பித் தந்தவற்றிலிருந்து குடும்பம் விற்றவையும் அவற்றில் உண்டு, அதில் யாருக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நிறுவனம் பழைய தாள் ஒன்றைக்கூடத் திருப்பித் தராத காலத்திலேயே காமிக்ஸ் சந்தைகளில் அறுபதுகளின் கிர்பி தாள்கள் விலைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தன. வரைந்தவர் வீட்டில் இல்லாத தாள், வேறு யாரோ மேஜை போட்டு விற்கும் தாள்! அப்படிக் கைமாறியவை இன்று யார் யார் பெட்டகங்களிலோ உறங்குகின்றன.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்று காட்டிய ஒருவர் உண்டு. ஸ்பைடர்-மேன் முதன்முதலாக வந்த 1962ஆம் ஆண்டு ‘அமேசிங் ஃபேன்டஸி’ 15ஆம் இதழின் உள்பக்க ஒரிஜினல்கள் 24. ஸ்டீவ் டிட்கோ வரைந்தவை. பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் 2008இல் அவற்றை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டார். விற்றிருந்தால் ஏழு தலைமுறைக்குக் காணும். இன்று அனுமதி பெற்று எவரும் போய்ப் பார்க்கலாம், ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் படிக்கலாம்.

இதற்கிடையில் ஒரு கதை, நமக்கு அக்கம்பக்கத்து உறவுள்ள கதை. ராஜர் ஜெலாஸ்னியின் ‘லார்ட் ஆஃப் லைட்’ நாவலில் யமன், காளி, அக்னி, பிரம்மா எல்லாரும் வேறொரு கோளில் மனிதர்களாக உலவுகிறார்கள். எழுபதுகளின் இறுதியில் அதைப் படமாக்க ஒரு முயற்சி நடந்தது, அரங்க அமைப்புகளைக் கிர்பி வரைந்து கொடுத்தார். படம் நின்றுபோனது. 1980இல் தெஹ்ரானில் மாட்டிக்கொண்ட ஆறு அமெரிக்கர்களை மீட்கப் போன சி.ஐ.ஏ. ஆட்கள், சினிமாவுக்கு இடம் பார்க்க வந்தவர்கள் போல் வேடம் போட்டார்கள். ‘ஆர்கோ’ என்று இல்லாத படத்துக்குப் பெயர் வைத்து, நம்ப வைக்க எடுத்துப் போனது கிர்பியின் அந்த ஓவியங்களை. 2012இல் வந்த ‘ஆர்கோ’ படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த ரகசியம் வெளியே வந்தது 1997இல். கிர்பி இறந்தது 1994 பிப்ரவரி 6. நம் யமனுக்கும் காளிக்கும் அரங்கம் வரைந்த தாள் ஆறு உயிரைக் காப்பாற்றியது, வரைந்தவருக்குத் தெரியாது.

வழக்கின் மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009இல் டிஸ்னி மார்வெலை வாங்கப்போகிறது என்ற செய்தி வந்தபோது கிர்பியின் பிள்ளைகள் காப்புரிமையைத் திரும்பக் கேட்டு அறிவிப்பு அனுப்பினார்கள். கூலிக்குச் செய்த வேலை, கூலி கொடுத்தவருக்கே சொந்தம் என்று 2011இல் கீழ் நீதிமன்றமும் 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லின. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்குமா என்று முடிவாவதற்குச் சில நாள் முன்பு, 2014 செப்டம்பரில், இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. அதற்குப் பிறகுதான் அவர் பெயர் இதழ்களிலும் திரையிலும் ஒழுங்காக வரத் தொடங்கியது. நானும் மருமகனும் பார்த்த அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

நம் பக்கத்திலும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் மிதக்குமே, அந்தக் கையை வரைந்தவர் பெயரை எத்தனை வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன் தெரியுமா? பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. அவர் வரைந்த ‘வேலியண்ட்’ என்ற பிரிட்டிஷ் வார இதழே அப்போது ஓவியர் பெயரைப் போடுவதில்லை. போடாத பெயரைச் சிவகாசியில் எப்படிப் போடுவார்கள்? கல்கியில் ‘பொன்னியின் செல்வன்’ முதலில் வந்தபோது மணியம் வரைந்த வந்தியத்தேவன் முகம் உங்கள் பாட்டிக்கு இன்னும் நினைவிருக்கும். பைண்டு செய்த பழைய பக்கங்கள் பல வீடுகளில் உண்டு. தூரிகை பட்ட தாள் என்பது வேறு. பத்திரிகை ஓவியர்கள் யாராவது உங்கள் சொந்தத்தில் இருந்தால், பரணில் ஏறி ஒருமுறை பார்த்துவிடுங்கள். கரையான் நமக்காகக் காத்திருப்பதில்லை.

கிர்பி தாள்களுக்காக நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, காசு செலவில்லாதது. 2005இல் தொடங்கிய ஜாக் கிர்பி அருங்காட்சியகம், தாள்கள் எவர் கையில் இருந்தாலும் பரவாயில்லை, ஸ்கேன் எடுத்துச் சேர்த்தால் போதும் என்று ஒரிஜினல்களின் படிகளைத் திரட்டிவருகிறது. எழுபதுகளில் மை ஏறும் முன்பே எடுத்து வைத்த பென்சில் நகல்களும் பிழைத்திருக்கின்றன. அப்படியொரு தாள் எங்கேயாவது கண்ணில் பட்டால், குத்து விடுகிறவனை விட்டுவிட்டு முதலில் ஓரத்தைப் பெரிதாக்கிப் படியுங்கள். பிறகு அதே பக்கத்தின் அச்சுப் பிரதியை எடுத்து வசனத்தைப் படியுங்கள். கதை யாருடையது என்று நான் சொல்லித் தர வேண்டியிருக்காது.

உங்களில் சிலர் துண்டுக் காட்சிக்காக உட்காரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். கிராபிக்ஸ் வேலை செய்தவர்களின் பெயர்கள் ஓடும்போது நம் ஊர்ப் பெயர்களும் வருகின்றன. நண்பன் பெயர் வரும் அந்த அரை நொடியைப் படம் பிடிக்க செல்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி இருப்பீர்கள், நாலைந்து பேர் விசிலடிப்பீர்கள். அவன் ஆறு மாதம் ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து செய்த புகையோ இடிந்து விழும் கட்டடமோ வேலை முடிந்த அன்றே நிறுவனத்தின் சர்வரோடு போய்விட்டது. வீட்டுச் சுவரில் மாட்ட அவனுக்கு ஒரு தாள் கிடையாது, திருப்பிக் கொடு என்று கேட்க ஒரு தாள் கிடையாது. கிர்பிக்காவது பென்சிலால் கிறுக்கி வைக்க ஓர் அங்குல வெள்ளை ஓரம் இருந்தது.

அன்புடன்,
உங்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பழைய அச்சகக்காரன்